இருபத்தோரு நாளுக்கு ஒரு ஊசி

ஷமீமா,

முந்தாநாள் நீ பேசிவிட்டுப் போனை வைத்ததும் நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பட்டப்பகலில் மருந்துக்கடையை அடைக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா பயந்துபோய், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். முழங்கால் வலி திரும்ப வந்திருக்கிறது, மதுரை டாக்டரம்மா மறுபடியும் இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டாக வேண்டும் என்கிறார், நீ முடியாது என்று எழுந்து வந்துவிட்டாய். "ஒரு டாக்டரு நிறுத்துங்கிறாரு. இன்னொருத்தவங்க, நிறுத்துனதாலதான் இம்புட்டும் வந்துச்சுங்கிறாங்க. நான் யாரை நம்புறது அத்தா? எனக்கு ஒரு ஊசியும் வேணாம்" என்றாய். யாரை நம்புவது என்ற உன் கேள்விக்குப் பதில் ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால், என் குரல் உடைவதைக் கேட்டு நீ பாதியிலேயே, சரி விடுங்கத்தா என்பாய். நானும் விட்டுவிடுவேன்.

உனக்குப் பத்து வயதில் தொண்டை வலி வந்தது. எச்சில் விழுங்க முடியாமல், வெஞ்சனம் ஏதும் வேண்டாம் என்று வெறும் ரசச் சோற்றைக் கரைத்துக் குடித்தாய். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடைக்காரன் பிள்ளைக்கு டாக்டர் எதற்கு என்ற எண்ணம் எனக்கு. கடையிலிருந்து ஆன்டிபயாட்டிக் மருந்தை எடுத்துவந்து நானே கலக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள், "நாத்தமா இருக்கு அத்தா, ஓங்கரிக்குது" என்று நீ வாயை மூடிக்கொண்டாய். காய்ச்சல்தான் விட்டாயிற்றே, போதும் என்று பாட்டிலை மூடி வைத்தேன். கடைக்கு வருகிறவர்களுக்கும் நான் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேடசந்தூர் பக்கமிருந்து மில் வேலைக்குப் போகிற பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வந்து, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுங்கள் என்பார்கள். மூன்று நாளைக்குத்தான் கொடுப்பேன். எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று வாரம் கழித்து முழங்கால் வலிக்கிறது என்றாய். தைலம் தேய்த்தேன். இரண்டு நாளில் அது சரியாகி, கணுக்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. வலி இடம் மாறி மாறிப் போனதால் நீ பள்ளிக்கூடத்துக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாய் என்றுகூட ஒருநாள் உன்னைத் திட்டினேன். வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று வலி மாத்திரை கொடுத்தேன். மாடி வகுப்புக்கு ஏற முடியாமல் நீ பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய் என்று பள்ளியிலிருந்து போன் வந்த பிறகுதான் உன்னைப் பெரிய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். திண்டுக்கல்லில் பாதிப் பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். உன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்ச நாளைக்கு முன்னால தொண்ட வலி வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க. நானே மருந்து குடுத்தேன்."

"எத்தன நாளு?"

"மூணு நாளு."

அவர் திட்டவில்லை. "பத்து நாளு குடுத்திருக்கணும் பாய்" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஓர் இதயத்தை வரைந்து காட்டிச் சொன்னதை நீ கேட்டிருக்க முடியாது. வெளி பெஞ்சில் அம்மாவின் மடியில் படுத்திருந்தாய். தொண்டைக்குள் வந்த கிருமியைக் கொல்ல உடம்பு தனக்குள்ளேயே ஆயுதம் தயாரிக்குமாம். அந்தக் கிருமியின் மேல்தோலும் நம் இதயத்தில் உள்ள தசையும் வால்வும் கொஞ்சம் ஒரே சாயலில் இருக்குமாம். சில பிள்ளைகளின் உடம்புக்கு அந்த வித்தியாசம் பிடிபடாமல் போகிறது. கிருமிக்காகச் செய்த ஆயுதத்தைத் தன் இதயத்தின் மேலேயே திருப்பிவிடுகிறது. "மூட்டுல வந்த வீக்கம் தடம் தெரியாமப் போயிரும். அதனால நீங்க நல்லாயிருச்சுன்னு நெனப்பீங்க. வால்வுல விழுந்த தழும்பு போகாது. இப்ப சின்னத் தழும்புதான். ஆனா இன்னொரு தடவ தொண்டையில அந்தக் கிருமி வந்துச்சுன்னா தழும்பு மேல தழும்பு விழும். வால்வு ஓரமெல்லாம் ஒட்டிக்கிட்டுச் சுருங்கும். அது வராம இருக்கத்தான் பென்சிலின் ஊசி. இருபத்தோரு நாளுக்கு ஒண்ணு, நாப்பது வயசு வரைக்கும்."

நாற்பது வயது வரைக்கும் என்று அவர் சொன்னார், ஷமீமா. அந்த வார்த்தையை நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அப்போது விட்டேன். பிறகு சொல்லாமல் விட்டதே எனக்கு வசதியாகிப்போனது.

அந்த ஊசியின் வலி உனக்குத் தெரிந்ததில் கால்பங்குகூட எனக்குத் தெரியாது. மருந்து கெட்டியானது, இடுப்பில் இறங்கும்போது கல் இறங்குவது மாதிரி இருக்கிறது என்பாய். ஊசி போட்ட சாயங்காலம் உன்னால் உட்கார முடியாது. கடைக்கு வந்து, கல்லா மேஜைமேல் நோட்டை விரித்து, நின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாய். ஏன் நிற்கிறாய் என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், "உக்காந்து உக்காந்து போரடிச்சிருச்சு" என்று சிரிப்பாய். பத்து வருடம் அப்படி நின்றாய். காந்திகிராமத்தில் கல்லூரிக்குப் போன பிறகும், ஊசி நாளன்று பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவாய். அந்தப் பத்து வருடமும் உனக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், இனி எதற்கு என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் வேடசந்தூர் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு மில்லில் எலக்ட்ரீசியன் வேலை, குணமான பையன். விசாரித்தபோது, அவருடைய சின்னம்மா வீடு பெரிய டாக்டரின் கிளினிக்குக்கு எதிர்வரிசையில் இருப்பது தெரிந்தது. மாதாமாதம் நீ அங்கே ஏறி இறங்குவதை அந்த அம்மா பார்த்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு என்னைத் தின்றது. சம்பந்தி கடைக்கு வந்து, உன் கல்யாணப் பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது, "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே பாய்?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்விதான். "சளி பிடிச்சாக்கூட மாத்திரை கேக்க மாட்டா" என்றேன். சுற்றிலும் மருந்துப் பெட்டிகள். உனக்கு அடுத்த வாரம் போட வேண்டிய ஊசி மருந்து எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன் தாயி. இருவது வயசு முடிஞ்சிருச்சு, இனி ஊசி தேவையில்லைன்னுட்டாரு."

"நெசமாவா அத்தா?" என்றாய். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாய். பிறகு அழுதாய். பத்து வருடத்தில் அந்த ஊசிக்காக நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டரிடம் நான் பேசவே இல்லை. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. நிறுத்தியது நான்.

இந்த வரியோடு நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டால் அதில் நியாயம் இருக்கிறது. முடிந்தால் மிச்சத்தையும் படி. இரண்டு மாதம் கழித்துப் பெரிய டாக்டர் காரை நிறுத்திக் கடைக்கு வந்தார். "பாப்பாவக் காணோமே, ஊசி என்னாச்சு?" என்றார். காலேஜ் பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறாள் என்றேன். "நல்லது, விட்றாதீங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஒருவர் தேடி வந்து கேட்டும் நான் திருந்தவில்லை. உன் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை தொண்டை வலி என்று போன் செய்தாய். ஒவ்வொரு தடவையும் மருந்தை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினாயா, முழுதும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டால், எதற்கு இவ்வளவு கேட்கிறீர்கள் என்பாயோ என்ற பயம்.

இதயம் பொறுமையான உறுப்பு என்று பிறகு மதுரையில் அந்த டாக்டரம்மா சொன்னார். வால்வு ஒட்டிச் சுருங்கினாலும் அதற்கு முந்திய அறை கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் தள்ளிச் சமாளித்துக்கொள்ளுமாம். வருடக்கணக்காக ஆளுக்கு ஒன்றும் தெரியாது. படியேறினால் லேசாக மூச்சு வாங்கும், உடம்பு கனத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளை உண்டானால் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடும், நாடியும் வேகமாகும். அதுவரை சமாளித்த இதயத்தால் அதற்குமேல் முடியாது. போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கி, அங்கே நீர் கசியும். உனக்கு ஆறாம் மாதத்தில் நடந்தது அதுதான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாய். பிறகு மூன்று தலையணை என்றாய். இருமல் நிற்கவில்லை என்றாய். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று உன் மாமியார் சொன்னார். அவருக்கு உன் இதயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எல்லாம் தெரிந்த நான் இருமல் சிரப் கொடுத்துவிட்டேன். தலையணைக் கணக்கைக் கேட்டபோது உன் வால்வுத் தழும்பு ஞாபகம் வந்தது. ஆனாலும் சிரப்தான் கொடுத்துவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் உனக்கு மூக்கில் ஆக்ஸிஜன் போயிற்று. உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டரம்மா எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் ஊசி போட்டீர்களா என்று கேட்டார். போட்டதாகச் சொன்னாய். "யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். "திண்டுக்கல் டாக்டருதான்" என்றாய், மூச்சை இழுத்து இழுத்து. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் உன் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வால்வுக்குள் பலூனை விட்டு விரித்தார்கள். நீ பிழைத்தாய். ஊசியைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினார்கள், நீ போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை எடை குறைவாகத்தான் பிறந்தது, ஆனால் முழுசாகப் பிறந்தது. அல்லாஹ் எனக்கு அந்த இடத்தில் தண்டனை கொடுக்கவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நான் மேலும் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருடம் மதுரை ரோட்டில் அந்தக் கல்யாண மண்டபத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பெரிய டாக்டர் கம்பூன்றி வந்திருந்தார். நீ நேரே அவரிடம் போனாய். பிள்ளை என் தோளில் இருந்தது. "என்னைய ஞாபகம் இருக்கா டாக்டர்? இருவது வயசுல ஊசிய நிறுத்தச் சொன்னீங்களே, நான்தான். வயித்துல பிள்ளையோட சாகப் பாத்தேன்" என்றாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதலில் உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன். "வயசாயிருச்சும்மா, ஞாபகம் இல்ல. அப்படிச் சொல்லியிருந்தா என் தப்புதான்" என்றார் அவர். பிறகு கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்த ஊசியை நிறுத்தியதா, அன்று தலையைக் குனிந்துகொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் காரியத்துக்கு உன் கல்யாணம் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். இரண்டாவதுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அன்றைக்கே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "கைப்பிள்ளைக்காரி. அத்தனை பேரு முன்னால தகப்பனையும் சேத்து அவ தொலைக்கணுமான்னு தோணுச்சு. இப்ப நெனச்சா அது தப்பு பாய். நான் செத்த நேரம் யோசிச்சிருந்தா, இதனால அவ டாக்டருங்களையே நம்ப மாட்டாளேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். நீ ஊசி வேண்டாம் என்பதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "மூட்டு வலி வந்திருக்குன்னா உள்ள மறுபடி ஆரம்பிச்சிருச்சோன்னுதான் அந்தம்மா பயப்படுறாங்க. நோய் எப்படி ஆரம்பிச்சுது, எப்ப விட்டுது, யாரு விட்டாங்கன்னு சரியாத் தெரியாம வைத்தியம் பாக்குறது கண்ணக் கட்டிக்கிட்டு ரோட்டக் கடக்குற மாதிரி. போயி உண்மைய எழுதிக் குடுங்க. எனக்காக வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவளும் இத்தனை வருடம் நான் சொன்ன பொய்யைத்தான் நம்பியிருந்தாள். "அந்த மனுசன நான் அஞ்சு வேளத் தொழுகையிலயும் திட்டியிருக்கேனே" என்றாள். காலையில் என்னிடம் சொல்லாமல் தனியாகக் கிளம்பி டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கெஞ்சத்தான் முடியும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதை நம்பாதே தாயி. வலி போவது வேறு, நோய் போவது வேறு. பேத்திக்குத் தொண்டை வலி வந்தால் எனக்குப் போன் செய்யாதே, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. அவர் பத்து நாள் என்றால் பத்து நாளும் கொடு, பிள்ளை எவ்வளவு ஓங்கரித்தாலும். என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள், எத்தனை வருடமானாலும் சரி. அதை அந்த ஊசியின் மேல் காட்டிவிடாதே. உன்னை ஏமாற்றிய டாக்டர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் எல்லாரும் உன்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. சம்பந்தியிடமும் வாசித்துக் காட்டச் சொல். யாரிடமும் மறைக்க வேண்டாம்.

கீழே உள்ளதை மட்டும் கிழித்து மதுரை டாக்டரம்மாவின் ஃபைலில் வைத்துவிடு. அவர் எழுதிவைத்திருப்பது தவறு, அதைத் திருத்த வேண்டும்.

பத்து வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும். ஆன்டிபயாட்டிக் மூன்று நாள் மட்டும் கொடுக்கப்பட்டது, டாக்டர் சீட்டு இல்லை. மூன்று வாரம் கழித்து முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு வீக்கம். இதய வால்வில் பாதிப்பு அப்போதே கண்டுபிடிக்கப்பட்டது. இருபத்தோரு நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, பத்து வருடம், ஒன்றுகூடத் தவறவில்லை. நாற்பது வயது வரை தொடர வேண்டும் என்பது டாக்டரின் ஆலோசனை. இருபது வயதில் ஊசி நிறுத்தப்பட்டது. டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. நோயாளிக்கும் தெரியாது. நிறுத்தியவர், நோயாளியின் தகப்பன்.